எதிர்ப்பொருள் எண் 14: சென்னை ஆய்வகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு சென்னையில் ஒரு சிறிய ஆய்வகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்தது. புற்றுநோயாளி ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இயற்கையான எதிர்ப்பொருள் (அந்நியப் பொருள்களைப் பற்றிக்கொள்ள உடல் சுரக்கும் புரதம்) ஒன்றைப் புதிய மருந்தின் தொடக்கம் என்று பதினோரு மாதங்கள் நம்பினோம். அது என்னவென்று பின்னர் ஒரு காலைப் பொழுதில் தெரிந்தது. ஆய்வகம், மருத்துவமனை, நோயாளி, அவர் குடும்பத்தார் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. மாதிரிகளுக்கும் ஒப்புதல் படிவங்களுக்கும் நான் பொறுப்பாளராக இருந்தேன். கீழே சொல்லப்படும் முடிவுகள் பெரும்பாலானவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

எதிர்ப்பொருளை மருந்தாக்கும் வழியை 1975-இல் கோலர், மில்ஸ்டைன் ஆகிய அறிவியலாளர்கள் இருவரும் திறந்துவைத்தார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் பி செல் ஒன்றை, அழிவின்றிப் பெருகும் எலிப் புற்றுச்செல் ஒன்றோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு பெற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். ஆனால் எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அந்நியப் புரதமாகவே கண்டு எதிர்த்தது. அதனால் எலிப் பகுதியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிடுக்சிமாப் எலியும் மனிதனும் கலந்தது. 1998-இல் வந்த டிராஸ்டுசுமாப் பெரும்பகுதி மனிதமயமாக்கப்பட்டது. 2002-இல் மூட்டுவாதத்துக்கு வந்த அடலிமுமாப் முழுக்க மனித வரிசை கொண்டது. இருந்தாலும் இவையெல்லாம் ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்து வடிவமைக்கப்பட்டவை. ஒரு மனிதரின் உடல் தன் நோயை எதிர்கொண்டபோது தானாகவே சுரந்தது என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது.

அப்படித் தானாகச் சுரப்பவற்றைத் தேடுவதே இயற்கை எதிர்ப்பொருள் ஆய்வு. நம் இரத்தத்தில் தடுப்பூசியோ தொற்றோ தூண்டாமலேயே சில எதிர்ப்பொருள்கள் உலவுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஐஜிஎம் வகையைச் சேர்ந்தவை. ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறான ஐஜிஎம்முக்குப் பிடிப்பதற்கு மொத்தம் பத்து முனைகள் உண்டு. ஒவ்வொரு முனையின் பிடியும் தளர்வானது என்றாலும், பல முனைகள் ஒரே பரப்பில் சேர்ந்து பற்றும்போது பிடி உறுதியாகிவிடுகிறது. இவை பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் போவதில்லை; புரதங்களின் மேலும் கொழுப்புகளின் மேலும் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் தொடர்களைப் பற்றிக்கொள்கின்றன. புற்றுச்செல்லின் மேற்பரப்பில் இந்தச் சர்க்கரைத் தொடர்கள் மாறிப்போவதால், இயற்கை எதிர்ப்பொருள்கள் புற்றுச்செல்லைத் தொடக்கத்திலேயே அடையாளம் காணக்கூடும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்துவருகிறது.

எங்களுக்கு நம்பிக்கை தந்தவை இரண்டு முன்னோடி ஆய்வுகள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழுவினர், இரைப்பைப் புற்றுநோயாளி ஒருவரிடமிருந்து பாட்-எஸ்எம்6 என்ற ஐஜிஎம் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செல்லுக்குள் இருக்க வேண்டிய ஜிஆர்பி78 என்ற புரதம் புற்றுச்செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும்போது அது அதைப் பற்றுகிறது. மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு அதைச் செலுத்திப் பார்த்ததில், மருந்தை உடல் தாங்கிக்கொண்டது; 4 பேருக்கு நோய் சில காலம் பெருகாமல் நின்றது. மற்றொன்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் தம்மைத் துளைத்துவிடாமல் தடுக்கப் புற்றுச்செல்கள் காரணி எச் என்ற புரதத்தைக் கவசமாகப் பயன்படுத்துகின்றன. நுரையீரல் புற்றுநோய் பரவாமல் தொடக்க நிலையிலேயே இருந்த சிலரின் இரத்தத்தில் அந்தக் கவசத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதை அக்குழுவினர் கண்டார்கள். அத்தகைய நோயாளி ஒருவரின் பி செல்லிலிருந்து ஜிடி103 என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி மனிதச் சோதனை வரை கொண்டு சென்றார்கள்.

தொடக்க நிலை நோயாளிகளின் இரத்தத்தைத் தேடுவது என்ற எங்கள் திட்டம் இந்த இரண்டிலிருந்தும் பிறந்தது. எங்களோடு இணைந்த அறுவை மருத்துவர்கள் குடல் நோய்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதால் பெருங்குடல் புற்றுநோயைத் தேர்ந்துகொண்டோம்.

மாதிரிகள் வந்த விதம்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகு, அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியிடம் ஒப்புதல் பெற்று 20 மில்லி இரத்தம் எடுக்கப்பட்டது. அறுவையின்போது அகற்றப்படும் கட்டியில், நோய்க்குறியியல் பரிசோதனைக்குப் போக மீதமுள்ள சிறு துண்டைப் பயன்படுத்தவும் அதே படிவம் அனுமதித்தது. நோயாளியின் பெயரும் மருத்துவமனை எண்ணும் நீக்கப்பட்டு, ஒரு வரிசை எண்ணோடு மாதிரி எங்களிடம் வரும். உடன் வரும் தாளில் வயது, பாலினம், கட்டியின் இடம், நோயின் நிலை ஆகிய நான்கு மட்டுமே இருக்கும். அடையாளத்தைக் காக்க வேண்டும் என்ற கவனத்தோடு அந்தத் தாளை வடிவமைத்தது நான். வேறு எந்த விவரம் ஆய்வுக்குத் தேவைப்படும் என்று அப்போது நான் யாரிடமும் கேட்கவில்லை.

எண் 14 வடசென்னையைச் சேர்ந்தவர். அறுபது வயதைக் கடந்து பணி ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளி. பெருங்குடலின் கடைப்பகுதியான சிக்மாய்டில், இரண்டாம் நிலைக் கட்டி. அவரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மகள். ஒப்புதல் படிவத்தை விளக்கச் சென்ற எங்கள் ஆராய்ச்சி மாணவர், படிவத்தில் இருந்ததையெல்லாம் முறையாகப் படித்துச் சொன்ன பிறகு, "உங்க ரத்தத்துலயே புத்துநோயை எதிர்க்கிற சக்தி இருக்கலாம்யா, அதைத்தான் தேடறோம்" என்று தம் வார்த்தையில் முடித்தார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படுக்கையருகே ஆறு பக்கப் படிவத்தில் மனத்தில் நின்றது அந்த ஒரு வாக்கியம் மட்டுமே என்பது எங்களுக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

முதல் ஏழு மாதங்களில் கண்டவை

இரத்தத்திலிருந்து பிரித்த பி செல்களை எப்ஸ்டீன்-பார் வைரஸால் தொற்றச் செய்து, இடையறாது பெருகும் செல்களாக மாற்றினோம். அவை சுரக்கும் திரவத்தைச் சிறு குழிகளில் சேகரித்து, அதிலுள்ள எதிர்ப்பொருள் புற்றுச்செல்களைப் பற்றுகிறதா என்று பார்ப்பதே முதல் வடிகட்டல். பெரும்பாலான குழிகளில் ஒன்றுமில்லை, அல்லது எல்லாச் செல்களிலும் லேசாக ஒட்டும் ஐஜிஎம் மட்டுமே இருந்தது. எண் 14-இன் ஒரு குழி மட்டும் தனித்து நின்றது.

பெருங்குடல் புற்றிலிருந்து வந்த எச்டி-29 செல்களை அது வலுவாகப் பற்றியது. தோல் புற்றிலிருந்து வந்த ஏ431 செல்களை அதைவிட வலுவாகப் பற்றியது. மார்பகப் புற்றிலிருந்து வந்த எம்சிஎஃப்-7 செல்களை அறவே தொடவில்லை. அந்த வடிகட்டலில் நாங்கள் எதிர்பார்த்திருந்தது இப்படியொரு வேறுபாட்டைத்தான். எல்லாவற்றிலும் ஒட்டுவது பயனற்றது, சிலவற்றை மட்டும் தேர்ந்து பற்றுவதே இலக்கு உள்ளது. முயலின் காம்ப்ளிமென்ட் சேர்த்ததும் எச்டி-29 செல்கள் பெருமளவு மடிந்தன; 56 பாகை வெப்பத்தில் செயலிழக்கச் செய்த காம்ப்ளிமென்ட்டைச் சேர்த்தபோது மடியவில்லை.

அடுத்துத் திசு. வேறொரு நோயாளியின் சிக்மாய்டு கட்டியும் அதை ஒட்டிய நலமான குடல் சவ்வும் உறைநிலையில் எங்களிடம் இருந்தன. அவற்றை மெல்லிய சீவலாக்கி, எதிர்ப்பொருள் பற்றிய இடத்தில் பழுப்பு நிறம் ஏறும்படி சோதித்தோம். அந்தச் சீவலில் கட்டி முழுவதும் பழுப்பு நிறம் ஏறியது. ஒரு விரற்கடை தள்ளியிருந்த நலமான சவ்வில் நிறமே இல்லை. நுண்ணோக்கியில் அந்த எல்லைக்கோட்டைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆய்வகத்தில் இருந்த அனைவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து பார்த்தோம்.

அந்த எதிர்ப்பொருள் எதைப் பற்றுகிறது என்பதே அடுத்த கேள்வி. ஏ431 செல்களின் புரதங்களை எடையின்படி பிரித்து அதைக் கொண்டு சோதித்ததில், 170 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே அழுத்தமான பட்டை ஒன்று தெரிந்தது. அதிலுள்ள புரதம் எது என்று அறிய, அந்தப் பட்டையை வெட்டி நிறை நிறமாலை ஆய்வுக்கு வெளியே அனுப்பினோம். சிறிய ஆய்வகத்துக்கு அது பெரிய செலவு. வந்த பட்டியலின் உச்சியில், செல்லின் மேற்பரப்பில் இருந்து வளர்ச்சித் தூண்டலை ஏற்கும் இஜிஎஃப்ஆர் என்ற புரதம் இருந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள செடுக்சிமாப் என்ற மருந்தின் இலக்கு அதுதான். ஏ431 செல்லில் அது அளவுக்கு மீறி உண்டு, எச்டி-29 செல்லில் ஓரளவு உண்டு, எம்சிஎஃப்-7 செல்லில் மிகக் குறைவு. எங்கள் மூன்று முடிவுகளும் இந்த வரிசையில் அச்சாகப் பொருந்தின. மருந்து நிறுவனங்கள் எலியிலிருந்து தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியதை ஒரு வடசென்னைத் தொழிலாளியின் உடல் தானாகவே உருவாக்கியிருக்கிறது என்று நாங்கள் நம்பினோம்.

பொருந்தாத இரண்டும் நாங்கள் சொல்லிக்கொண்ட சமாதானமும்

இரண்டு முடிவுகள் இந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை. அவற்றை நாங்கள் மறைக்கவில்லை. குறிப்பேட்டில் இரண்டும் உள்ளன. ஆனால் இரண்டுக்கும் ஒரே மாலையில் காரணம் கண்டுபிடித்துவிட்டு நகர்ந்தோம்.

முதலாவது, புரதப் பட்டை. 170 அருகே அழுத்தமாக இருந்தாலும், அதற்கு மேலும் கீழும் புகை படர்ந்ததுபோல் ஒரு கறை நீண்டிருந்தது. ஒரே புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் அப்படிப் படர வேண்டியதில்லை. புரதத்தை அதிகம் ஏற்றிவிட்டோம் என்று எழுதிவைத்தோம்.

இரண்டாவது, இன்றும் என்னை வருத்துவது. எண் 14-இன் சொந்தக் கட்டியின் சீவல் நோய்க்குறியியல் துறையிலிருந்து தாமதமாக வந்தது. அதில் அவருடைய எதிர்ப்பொருள் எந்த இடத்திலும் பற்றவில்லை. தம் கட்டிக்கு எதிராக அவர் உடல் சுரந்ததாக நாங்கள் நம்பிய பொருள், அவருடைய கட்டியையே தொடவில்லை. முந்தைய சீவல் உறைநிலைத் திசு, இது திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறி மெழுகில் பதிந்த திசு. ஃபார்மலின் இலக்கைச் சிதைத்திருக்கும் என்று முடிவு செய்தோம். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அது நடந்ததா என்று சோதிக்க, உறைநிலையில் நிறமேறிய அதே கட்டியின் மெழுகுச் சீவல் ஒன்றை வாங்கிப் பார்த்திருந்தால் போதும். ஒரு வார வேலை அது. நாங்கள் செய்யவில்லை.

மகள் வந்த நாள்

பத்தாம் மாதத்தில், எண் 14-க்கு நோய் கல்லீரலில் திரும்பியிருப்பது சிடி ஸ்கேனில் தெரிந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் கீமோதெரபி தொடங்கவிருந்தது. அந்த வாரம் அவருடைய மகள் மருத்துவமனையில் விசாரித்து, ஒப்புதல் படிவத்தில் இருந்த தொலைபேசி எண்ணில் அழைத்து, என்னைப் பார்க்க வந்தார். "அப்பா ரத்தத்துலேர்ந்து மருந்து எடுத்திருக்கீங்கன்னு தம்பி சொன்னாரு டாக்டர். அதை அப்பாவுக்கே திருப்பிக் குடுக்க முடியாதா? கையெழுத்து எங்க வேணும்னாலும் போடறோம்" என்றார்.

இடையில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சந்தித்தபோது, மாணவர் மகிழ்ச்சியில் "நல்லா வந்திருக்குக்கா" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். வரிசை எண்ணுக்குரியவர் யார் என்பது மாணவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் அவரே இரத்தம் வாங்கி வந்த நாளும் மாதிரியின் நாளும் ஒன்றாக இருந்ததால் தெரிந்திருந்தது.

தர முடியாது என்று சொன்னேன். காரணங்களையும் சொன்னேன்: நாங்கள் வைத்திருப்பது வைரஸால் மாற்றப்பட்ட செல்கள் மாட்டுச் சீரத்தில் (மாட்டு இரத்தத்தின் நீர்ப்பகுதியில்) வளர்ந்து சுரந்த திரவம்; அது மருந்து அல்ல. ஒரு புதிய மருந்தை மனிதருக்குச் செலுத்த, விலங்குச் சோதனையும் தூய உற்பத்தியும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். இவற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். முடிவு சரியானது, இன்றும் அதையே எடுப்பேன். ஆனால் கடைசியில், "எல்லாம் சரியா அமைஞ்சா, பின்னாடி வர்றவங்களுக்கு இது உதவும்மா" என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, "அப்பா கிட்ட அதைச் சொல்றேன்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னது அல்ல, நான் உண்மையாகவே நம்பியது அது. அப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்கள் கையில் ஆதாரம் இருக்கவில்லை.

கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு

விலங்குச் சோதனைக்கான விண்ணப்பத்தில், எதிர்ப்பொருள் மனித இரத்தச் செல்களைப் பாதிக்காது என்று காட்ட ஒரு வரி தேவைப்பட்டது. அந்தச் சோதனை எங்கள் மூத்த தொழில்நுட்பரிடம் கொடுக்கப்பட்டது. அவர் எங்களிடம் வருவதற்கு முன் இரத்த வங்கியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஆய்வகத்தில் இருந்தவர்களிடம் விரலில் குத்தி ஒரு சொட்டு வாங்கி, உப்புநீரில் கழுவிய சிவப்பணுக்களை ஆளுக்கொரு சொட்டாகத் தகட்டில் வைத்து, எதிர்ப்பொருள் திரவத்தில் ஒரு சொட்டைக் கலந்து ஆட்டினார். ஆறு பேரில் நால்வரின் சொட்டு சீரான சிவப்பாகவே இருந்தது. இருவரின் சொட்டு ஒரு நிமிடத்துக்குள் மணல்மணலாகத் திரண்டது.

அவர் எங்களை அழைக்கவில்லை. அந்த இருவரிடமும் போய் இரத்த வகையைக் கேட்டிருக்கிறார். இருவரும் ஏ வகை. பிறகு மாணவரிடம் வந்து, "தம்பி, இந்தப் பெரியவர் என்ன குரூப்பு?" என்று கேட்டார். எங்கள் தாளில் அந்த விவரம் இல்லை. மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் வழியாகக் கேட்டு மதியத்துக்குள் பதில் வந்தது: ஓ பாசிட்டிவ். அறுவைக்கு முந்தைய நோயேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது.

ஏ, பி, ஓ என்ற இரத்த வகைகள் செல்களின் மேலுள்ள சர்க்கரைகளால் வேறுபடுபவை. ஓ வகையினர் அனைவரின் இரத்தத்திலும் ஏ வகைக்கும் பி வகைக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டு. குழந்தைப் பருவத்தில், குடல் நுண்ணுயிரிகளின் மேலுள்ள ஒத்த சர்க்கரைகளை எதிர்கொண்டு அவை உருவாகின்றன. மனிதரின் இயற்கை எதிர்ப்பொருள்களுள் உலகம் முதலில் அறிந்துகொண்டதே இவற்றைத்தான். 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் விவரித்து, 1930-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இரத்தம் ஏற்றும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் நாள்தோறும் சோதிக்கப்படும் பொருளைத்தான் நாங்கள் கண்டுபிடித்திருந்தோம்.

அடுத்த பத்து நாட்களில் மூன்று சோதனைகள் செய்தோம். ஏ வகைச் சிவப்பணுக்களோடு திரவத்தைக் கலந்து, எதிர்ப்பொருளை அவற்றில் ஒட்டவைத்து அகற்றிய பிறகு, மீதித் திரவம் எச்டி-29 செல்களைப் பற்றவில்லை. செல்களின் மேலுள்ள சர்க்கரைகளைப் பெரியோடேட் உப்பால் சிதைத்தபோதும் பிடி போயிற்று. இரத்த வங்கிகளில் ஏ வகையைக் கண்டறியப் பயன்படும் நீல நிறத் திரவத்தை எடுத்து மூன்று செல்களிலும் சோதித்தபோது, அது எங்கள் எதிர்ப்பொருளைப் போலவே ஏ431 செல்லை மிக வலுவாகவும், எச்டி-29 செல்லை வலுவாகவும் பற்றியது. எம்சிஎஃப்-7 செல்லைத் தொடவில்லை.

ஏன் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது

இந்தப் பகுதியை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தவறான விளக்கத்துக்கு எங்களிடம் இருந்த ஆதாரம் பலவீனமானதாக இருந்திருந்தால் நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோம்.

எச்டி-29 செல்கள் ஏ வகை இரத்தம் உள்ள ஒருவரிடமிருந்து வந்தவை. இது அந்தச் செல்லின் விவரக்குறிப்பிலேயே உள்ளது. ஏ431 செல்லில் ஏ வகைச் சர்க்கரை இஜிஎஃப்ஆர் புரதத்தின் மேலேயே ஏராளமாக ஒட்டியிருக்கிறது. 1980-களில் இஜிஎஃப்ஆர் புரதத்துக்கு எதிராக உருவாக்கப்பட்ட எலி எதிர்ப்பொருள்களுள் சில, உண்மையில் அந்தச் சர்க்கரையைத்தான் பற்றின என்பது அப்போதே பதிவாகியிருக்கிறது. அதாவது 170 பட்டை உண்மையாகவே இஜிஎஃப்ஆர்தான். நிறமாலை ஆய்வு தவறு செய்யவில்லை. நாங்கள் பற்றியது புரதத்தை அல்ல, அதன் மேல் இருந்த சர்க்கரையை. அதே சர்க்கரை வேறு பல புரதங்களிலும் இருந்ததால்தான் பட்டை புகைபோல் படர்ந்திருந்தது.

எங்களை மயக்கிய திசுச் சீவலுக்கும் விளக்கம் கிடைத்தது. இரத்த வகைச் சர்க்கரைகள் சிவப்பணுக்களில் மட்டும் இருப்பவை அல்ல. குடல் சவ்விலும் உண்டு. வளர்ந்த மனிதரின் பெருங்குடலில் அவை மேற்பகுதியில் காணப்படுகின்றன, கடைப்பகுதியில் மறைந்துவிடுகின்றன. ஆனால் கடைப்பகுதியில் புற்று தோன்றினால், கருவில் இருந்ததுபோல் அங்கே மீண்டும் தலைகாட்டுகின்றன. அந்தச் சீவலுக்கு உரியவர் ஏ வகை, கட்டி சிக்மாய்டில். எனவே கட்டியில் நிறம், பக்கத்தில் வெறுமை என்பது உண்மையான உயிரியல் வேறுபாடுதான். அந்த எல்லைக்கோடு பொய்யில்லை. ஆனால் அது ஏ வகை இரத்தம் உள்ளவரிடம் மட்டுமே தெரியும் கோடு. அதை நம்பி எதிர்ப்பொருளை அவர்களுக்குச் செலுத்தினால், பொருந்தாத இரத்தம் ஏற்றியதற்கு ஒப்பாக அவர்களின் சிவப்பணுக்களே அழியும்.

எண் 14 ஓ வகையினர். அவருடைய கட்டியில் ஏ வகைச் சர்க்கரை உருவாக வழியே இல்லை. ஃபார்மலின் எதையும் சிதைக்கவில்லை.

சொல்வதா, வேண்டாமா

மகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. தனிப்பட்ட முடிவுகள் கொடையாளருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா என்று ஒப்புதல் படிவத்திலேயே உள்ளது. நோயோடு போராடும் குடும்பத்துக்கு இன்னொரு ஏமாற்றம் எதற்கு என்று இருவர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கருணை இருந்தது. ஆனால் படிவத்தை மீறி நம்பிக்கையைத் தெரிவித்தவர்கள் நாங்களே. அது பொய்த்தபோது மட்டும் படிவத்தின் பின்னால் நிற்பது முறையல்ல என்பது என் நிலை. மேலும், அந்த வீட்டில் அப்பாவின் இரத்தத்தில் மருந்து இருக்கிறது என்ற எண்ணம் கீமோதெரபியை ஒத்திப்போடக் காரணமாகுமோ என்ற அச்சமும் எனக்கு இருந்தது. நெறிமுறைக் குழுவின் செயலரிடம் எழுத்தில் தெரிவித்து, அவர்களின் இசைவோடு சொல்வது என்று முடிவாயிற்று. மாணவர் தானும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மருத்துவமனையில் ஒரு தனி அறையில் முக்கால் மணி நேரம் பேசினோம். இரத்த வகை என்ற சொல் அவருக்குப் புதியதல்ல என்பதால், நான் அஞ்சியதைவிட எளிதாக விளங்கிக்கொண்டார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அது அப்பா உடம்புல பொறந்ததுலேர்ந்தே இருக்கு. அது இருந்தும்தான் இது வந்திருக்கு" என்றார். ஆமாம் என்றேன். கீமோதெரபி ஒரு சுழற்சி தள்ளிப்போயிருந்தது. எங்கள் பதிலுக்காக அல்ல, காய்ச்சலால் என்று அவரே சொன்னார். மாணவர் மன்னிப்புக் கேட்டார். "நீங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க தம்பி. ஆனா அப்பா அதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு" என்றார் அவர்.

அந்தப் பெரியவர் கீமோதெரபியோடு மேலும் பதினான்கு மாதங்கள் இருந்தார். இறந்த செய்தியை மகளே அழைத்துச் சொன்னார். மீதமிருக்கும் மாதிரியை அழித்துவிட வேண்டுமா என்று கேட்டேன், வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு மாற்றியவை

நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, மாதிரித் தாளில் ஐந்தாவது விவரமாக இரத்த வகை சேர்ந்தது. அது யாருடைய அடையாளத்தையும் வெளிப்படுத்துவதில்லை. ஒரு குழியில் பிடி தெரிந்த அன்றே ஏ, பி, ஓ மூன்று வகைச் சிவப்பணுக்களோடும் தகட்டுச் சோதனை நடக்கிறது. செலவு ஏறத்தாழ எதுவும் இல்லை. எந்த எதிர்ப்பொருளும் அதன் கொடையாளருடைய சொந்தக் கட்டியைப் பற்றிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகும். பெரியோடேட் சோதனை முடியாமல் எந்தப் பட்டையும் நிறமாலை ஆய்வுக்கு அனுப்பப்படுவதில்லை.

செல்களை வளர்க்கப் பயன்படுத்திய மாட்டுச் சீரமும் விலக்கப்பட்டது. மனிதச் செல்லால் உருவாக்க முடியாத சில சர்க்கரைகள் அந்தச் சீரத்திலிருந்து செல்லின் மேல் ஏறிக்கொள்கின்றன. அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நம் அனைவரின் இரத்தத்திலும் இருக்கின்றன. இரத்த வகைச் சோதனையைத் தாண்டிய இன்னொரு எதிர்ப்பொருள், எண் 9, செல்களை மனிதச் சீரத்தில் சில வாரங்கள் வளர்த்த பிறகு பிடியை இழந்தது. இந்த முறை அதைக் கண்டறிய இரண்டு மாதங்களே ஆயின.

ஒப்புதல் பெறச் செல்பவர் ஆய்வில் ஈடுபடாத ஒருவராக இருக்க வேண்டும் என்று மாற்றினோம். படிவத்தின் முதல் பக்கத்திலேயே, "இந்த இரத்தத்திலிருந்து உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ மருந்து கிடைக்காது" என்ற வரி பெரிய எழுத்தில் உள்ளது. அதைப் படித்துவிட்டு இருவர் மறுத்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் கையில் மிஞ்சியிருப்பது எண் 22. அதன் கொடையாளர் பி வகை. மூன்று வகைச் சிவப்பணுக்களும் அதில் திரளவில்லை. மனிதச் சீரத்தில் வளர்ந்த செல்களையும் அது பற்றுகிறது. அவருடைய சொந்தக் கட்டியின் சீவலில் நிறம் ஏறுகிறது, பக்கத்துச் சவ்வில் மங்கலாக. உயிருள்ள செல்லைவிட, மேலுறையைத் துளைத்துத் திறந்த செல்லை அது வலுவாகப் பற்றுவதால், இலக்கு செல்லுக்குள் இருக்கும் ஏதோவொரு பொருளாகவும் இருக்கலாம். அப்படியானால் மருந்தாகப் பயன்படாது. பெரியோடேட் சோதனை இந்த வாரம் இரண்டாம் முறையாக நடக்கிறது. நோயாளி நலமாக இருக்கிறார், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.